கஞ்சிக்கு வைத்த தீ

“அம்மா, எனக்குத் தீயை அணைக்கத் தெரியும். குறைக்கத்தான் தெரியலை.”

கோமதிநாயகம் இப்படிச் சொன்னதும் ஆவுடைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேலியாக அல்ல. இப்படி ஒரு குறையோடு அவளிடம் யாரும் வந்ததில்லை.

இந்த மாதிரிக் கதைகளில் குருவுக்கு வெண்தாடி இருக்கும், சீடனுக்கு மீசை அரும்பிக்கொண்டிருக்கும். இங்கே தலைகீழ். சீடருக்கு வயது அறுபத்தொன்று, மீசை முழுக்க வெள்ளை. குருவுக்கு முப்பத்துமூன்று, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கையில் அகப்பையோடு நின்றாள். நான் என்ன செய்ய? தெரிந்தவள் அவள், தெரியாதவர் அவர்.

இடம் தாமிரபரணிக் கரையில் ஒரு மடம். மடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஒரு நீளக் கூடம், அதை ஒட்டி ஒரு சமையலறை, ஆற்றில் இறங்கப் பத்துப் படி. அவ்வளவுதான். நோயாளிகளுக்கு அங்கே கஞ்சி கொடுப்பார்கள். காய்ச்சி வைப்பவள் ஆவுடை. அவள் கஞ்சி எப்பேர்ப்பட்ட தொண்டையிலும் இறங்கும் என்று சுற்றுவட்டாரத்தில் பேச்சு.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கஞ்சி வாங்க வருகிறவர் தூக்குவாளியைக் கொடுத்துவிட்டு வெளியே போய் ஊர்க்கதை பேச முடியாது. பானைக்கு எதிரே பலகையில் உட்கார்ந்து, கஞ்சி ஆகும்வரை வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கூடத்தில் இருப்பவர்களும் பேசக் கூடாது. ஏன் என்று கேட்டால் ஆவுடை பதில் சொல்லமாட்டாள். பலகையைக் காட்டுவாள்.

“கஞ்சி யாருக்கு அண்ணாச்சி?”

“என் சம்சாரத்துக்கு. குழல்வாய்மொழி.”

குழல்வாய்மொழிக்குத் தொண்டையில் கட்டி. முப்பத்தைந்து தடவை கதிர்வீச்சு கொடுத்தார்கள். கட்டி கரைந்தது. கூடவே தொண்டையும் வெந்துபோனது. ஒரு வாய் தண்ணீர் விழுங்கினால் கண்ணில் நீர் வரும். பேச்சு நின்று பதினோரு நாளாகிவிட்டது, எதுவானாலும் ஸ்லேட்டில் எழுதிக் காட்டுகிறாள். ஐம்பத்திரண்டு கிலோ இருந்தவள் முப்பத்தெட்டில் நிற்கிறாள்.

டாக்டர் ஒரு கெடு வைத்திருந்தார். பத்து நாளைக்குள் வாய் வழியாக ஆகாரம் இறங்க ஆரம்பிக்க வேண்டும். இல்லையென்றால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அதைக் கேட்டு குழல்வாய்மொழி ஸ்லேட்டில் இரண்டு வரி எழுதினாள். ‘குழாய் வேண்டாம். என்னை விட்டுடுங்க.’

முதல் வரியை கோமதிநாயகம் டாக்டரிடம் படித்துக் காட்டினார். இரண்டாவது வரியை அவரால் படிக்க முடியவில்லை.

“மூணு கரண்டி எறங்கும்மா,” என்றார் ஆவுடையிடம். “அப்புறம் கால் மணி நேரம் விட்டுத்தான் அடுத்த மூணு கரண்டி. ஒரு டம்ளர் குடிக்க ரெண்டு மணி நேரம் ஆகும். நான் அடுப்பை அணைச்சிட்டு ஓடிப்போய் ஊட்டுவேன். ஓடி வந்து பாத்தா கஞ்சி கட்டியாயிருக்கும். திருப்பிப் பத்த வைப்பேன், அடிப்பிடிச்சிரும். அந்த வாடைக்கே அவ மூஞ்சியைத் திருப்பிக்கிடுதா.”

“பிளாஸ்க்ல ஊத்தி வைக்கலாம்லா?”

“வச்சேன். பசையாப் போச்சு.”

“இங்கேருந்து கொண்டு போனா?”

“நேத்து எதிர்வீட்டு டீச்சர் வாங்கிட்டுப் போனாங்களே. எட்டு கிலோமீட்டர். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது களி.”

ஆவுடை அகப்பையைக் கழுவினாள்.

“ஊட்டப் போறப்போ அடுப்பை ஏன் அணைக்கிய?”

அவருக்குக் கேள்வியே புரியவில்லை.

“எரியுற தீயை விட்டுட்டு எப்படிம்மா போறது?”

கோமதிநாயகம் தீயணைப்புத் துறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவர். நிலைய அலுவலராக ஓய்வு பெற்றார். வைக்கோல் படப்பு, பஞ்சாலை, எண்ணெய்க் கிடங்கு, ஓடுகிற பஸ், எதில் தீப்பிடித்தாலும் எப்படி அணைப்பது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் அத்தனை வருடத்தில் ஒரு டம்ளர் வெந்நீர் போட்டதில்லை. அடுப்பங்கரை குழல்வாய்மொழியின் ராஜ்யம். இவர் அதற்குள் போவது சிலிண்டர் ஒழுகுகிறதா என்று மோந்து பார்க்க மட்டும். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், எரியும் அடுப்பை விட்டு ஓர் அடி நகரக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். இப்போதும் அதே குரலில்தான் கேட்டார்.

ஆவுடை எதிர்வாதம் செய்யவில்லை. பலகையைக் காட்டினாள்.

“நாளைக்குக் காலையில வந்து உக்காருங்க.”

*

மறுநாள் விடிந்ததும் வந்துவிட்டார். எதிர்வீட்டு மரியபுஷ்பம் டீச்சர் குழல்வாய்மொழியோடு இருக்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

சமையலறை மூலையில் இரண்டு பர்னர் வைத்த ஒரு சாதாரண அடுப்பு. கோமதிநாயகம் அதைச் சும்மா பார்க்கவில்லை. டியூபை வளைத்துப் பார்த்தார். ரெகுலேட்டரில் காதை வைத்தார். ஜன்னலைத் திறந்தார். ஒரு சாக்கை நனைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பெண் பார்க்க வந்த சம்பந்தியம்மாள்கூட அத்தனை குறை தேடியிருக்கமாட்டாள்.

“ஆச்சா?” என்றாள் ஆவுடை.

“ஆச்சு.”

“பத்த வைங்க.”

லைட்டரைப் பர்னரருகே கொண்டுபோய், திருகை அழுத்தித் திருப்பி, அதே நொடியில் தட்டினார். ஒரே தட்டு. அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

ஆவுடை ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தாள்.

“பாத்துக்கிட்டே இருங்க.”

அவள் வேறு வேலைக்குப் போய்விட்டாள். கோமதிநாயகம் பார்த்தார். இமைக்காமல் பார்த்தார். கால் மணி நேரம் கழித்து அவள் திரும்பி வந்தாள்.

“கொதிச்சுதா?”

“கொதிக்குது.”

“மொதல்ல என்ன வந்துச்சு?”

“நீலமா வந்துச்சு. மேல் பக்கம் ரெண்டு ஓட்டையில மட்டும் மஞ்சளா எரியுது, அதுல அழுக்கு அடைச்சிருக்கு. ஊசி வச்சுக் குத்தினா சரியாயிரும்.”

“நான் தண்ணியைக் கேக்கேன்.”

அவர் விழித்தார். தண்ணீரை அவர் ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.

ஆவுடை கொதித்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றினாள். அவர் மறுபடி பார்த்தார். என்ன முயன்றாலும் கண் பாத்திரத்திலிருந்து வழுக்கிக் கீழே தீக்குத்தான் போனது. முப்பத்து நான்கு வருடப் பழக்கம், அதை ஒரு காலையில் விரட்ட முடியுமா?

மூன்றாவது தண்ணீருக்கு அவள் ஒரு வேலை செய்தாள். ஆற்றுக்காற்றுக்கு மறைப்பாக வைக்கும் தகரத்தை எடுத்து அடுப்புக்கு முன்னால் நிறுத்தினாள். தீ மறைந்துவிட்டது. பார்க்கத் தண்ணீரை விட்டால் வேறொன்றும் இல்லை.

அப்புறம்தான் கோமதிநாயகம் தண்ணீரைப் பார்த்தார்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அடியில் ரவை தூவினாற்போல் பொடிப்பொடியாகக் குமிழ்கள் ஒட்டின. தண்ணீருக்குள் கண்ணாடி நெளிவது போல ஏதோ நெளிந்தது. மெல்ல ஒரு இரைச்சல் கிளம்பியது, ஏறியது, பாத்திரமே பாடுகிற அளவுக்கு ஏறியது. இதோ கொதிக்கப் போகிறது என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சத்தம் அடங்கிவிட்டது.

ஆவியில்லை, அசைவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த இரைச்சல் இல்லை. தண்ணீர் எதையோ யோசிப்பது போல நின்றது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு அடியிலிருந்து ஒரு பெரிய குமிழ் புரண்டு எழுந்தது, அதன் பின்னால் இன்னொன்று, மொத்தத் தண்ணீரும் புரள ஆரம்பித்தது.

“அம்மா!” அவர் மடத்து வழக்கத்தை மறந்து கத்திவிட்டார். “கொதிக்கதுக்கு முன்னால சத்தம் நின்னுச்சும்மா!”

“ஆமா.”

“ஏன்?”

ஆவுடை உதட்டில் விரலை வைத்தாள். கூடத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கோமதிநாயகத்துக்கு உடம்பு சிலிர்த்திருந்தது. அறுபத்தொரு வருடமாக இப்படிக் கொதித்த தண்ணீரில் காபி குடித்து வருகிறார். அது ஒவ்வொரு நாளும் இப்படி அடங்கி, நின்று, பிறகு எழுந்திருக்கிறது. ஒரு நாள்கூட அவர் அங்கே இருக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் கட்டிலருகே உட்கார்ந்தார்.

“குழலு, உனக்கு ஒண்ணு தெரியுமா? தண்ணி கொதிக்கதுக்கு முன்னால ஒரு நிமிஷம் பேசாம நிக்கும்!”

அவள் அவரை வெகு நேரம் பார்த்தாள். பிறகு ஸ்லேட்டை எடுத்து எழுதினாள்.

‘தெரியும்.’

*

மூன்றாம் நாள் ஆவுடை பால் வைத்தாள்.

“பொங்கவும் கூடாது, அடுப்பு அணையவும் கூடாது. பாத்துக்கிடுங்க.”

பால் ஏறியது. விளிம்பைத் தொட்டதும் கோமதிநாயகம் திருகைப் பிடித்துத் திருப்பினார். தீ அணைந்தது.

“குறைக்கச் சொன்னேன் அண்ணாச்சி.”

“குறைக்கத்தான் திருப்பினேன்.”

மறுபடி பற்ற வைத்தார். பால் ஏறியது. இந்தத் தடவை ஒரு நூல் அளவுக்குத் திருப்பினார். தீ நடுங்கியது, பக்கென்று ஒரு சத்தம், அணைந்துவிட்டது. நாலு தடவை பற்ற வைத்தார், நாலு தடவையும் அணைந்தது. ஐந்தாம் தடவை தயங்கியதில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

அறுபது அடி உயரத் தீயை அடக்கியவருக்கு இந்தச் சின்ன அடுப்பு அடங்கவில்லை. அவருக்குக் கோபம் வந்தது.

“இந்த அடுப்புல பெரிசு இருக்கு, அணைக்கிறது இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லியேம்மா!”

“நடுவுல இல்லதான்,” என்றாள் ஆவுடை. ஈரத்துணியால் அடுப்பைத் துடைத்தாள். “எந்தப் பக்கம் திருப்புதிய?”

“அணைக்கிற பக்கம். குறையணும்னா அந்தப் பக்கம்தானே திருப்பணும்?”

ஆவுடை அடுப்பைப் பற்ற வைத்தாள். நீலத் தீ சீறிக்கொண்டு நின்றது. அவள் அவர் கையைப் பிடிக்கவில்லை, தன் விரலைத் திருகில் வைத்து, வந்த வழியே திருப்பாமல், எதிர்ப் பக்கம், இன்னும் தள்ளித் திருப்பினாள்.

கோமதிநாயகம் அனிச்சையாக நனைந்த சாக்கை எடுத்துவிட்டார். பெரிய தீயை இன்னும் திறந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாதா?

தீ குறைந்தது.

திருகு போய் முட்டி நின்ற கடைசி இடத்தில், பர்னரைச் சுற்றி நீலப் பொட்டுகளாக, சத்தமே இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது. ஆற்றுக்காற்று வந்து தொட்டது. பொட்டுகள் சாய்ந்தன, நிமிர்ந்தன. அணையவில்லை.

அவர் சாக்கைக் கீழே போட்டார். குனிந்தார். முகம் அடுப்புக்கு நேராக வரும்வரை குனிந்தார்.

“இது எப்போவும் இங்கேதான் இருக்கா?”

“எல்லா அடுப்புலயும்.”

“பெரிசைத் தாண்டியா?”

அவள் பாலை எடுத்து அந்தச் சின்னத் தீயில் வைத்தாள். பால் மினுங்கிக்கொண்டு, ஏறாமல் இறங்காமல், அப்படியே சூடாக நின்றது. கோமதிநாயகம் வாழ்க்கையில் எத்தனையோ தீயைப் பார்த்திருக்கிறார். கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்று தோன்றியது இந்த ஒன்றைப் பார்த்துத்தான். கும்பிட்டார். வெட்கமாக இருந்தது, ஆனாலும் கும்பிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது குழல்வாய்மொழி ஸ்லேட்டை எடுக்கவில்லை. எடுக்கத் தெம்பில்லை.

*

ஐந்தாம் நாள் கஞ்சி. நொய்யரிசி ஒரு பங்கு, பாசிப்பருப்பு அதில் கால், தண்ணீர் பத்துப் பங்கு. கொதி வரும்வரை பெரிய தீ, அப்புறம் கடைசி வரைக்கும் சின்னது.

“இதை எறக்காம வச்சிருங்க,” என்று சொல்லிவிட்டு ஆவுடை அவரை எழுப்பினாள். “இப்போ கூடத்துல போய் உக்காருங்க.”

“அடுப்பு?”

“எரியும்.”

போனார். தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். உட்காரவா முடிந்தது? ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். நாற்பதுக்கு மேல் முடியவில்லை. எழுந்து ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

ஆவுடை அகப்பையை விட்டபோது கஞ்சி தோலாடை போர்த்துக்கொண்டு உறைந்திருந்தது. அது ஒரு லாரி டிரைவரின் அப்பாவுக்கு வைத்த கஞ்சி. அந்த டிரைவர் தூக்குவாளியோடு விடியற்காலையிலிருந்து காத்திருந்தார். அவர் பானையைப் பார்த்தார், கோமதிநாயகத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஆவுடை வேறு நொய்யைக் களைந்து போட்டாள். அவள் முகத்திலும் ஒன்றும் இல்லை.

ஆறாம் நாளும் அணைத்தார். ஏழாம் நாள் எழுபதுவரை எண்ணிவிட்டு அணைத்தார்.

அன்றைக்கு எல்லோரும் போன பிறகு ஆற்றுப்படியில் உட்கார்ந்திருந்தார். ஆவுடை பாத்திரம் கழுவ வந்தாள்.

“ஒரு வீடு,” என்றார் அவர். யாரும் கேட்கவில்லை, தானாகவே சொன்னார். “அடுப்புல எண்ணெய்ச் சட்டியை வச்சிட்டு, வாசல்ல யாரோ கூப்பிட்டாங்கன்னு போயிருக்கா. பேச்சு சுவாரசியம். அஞ்சே நிமிஷம். நாங்க போய்ச் சேந்தப்போ…”

படியில் கிடந்த ஒரு கல்லை எடுத்து ஆற்றில் எறிந்தார்.

“இருபத்தாறு வருஷம் ஆச்சு. இன்னும் அந்த வாசல்ல கெடந்த கோலப்பொடி டப்பா என் கண்ணுல நிக்கி.”

ஆவுடை சாம்பல் அப்பிய கையோடு அவரைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் பரிதாபம் இருந்தது. பயம் தேவையில்லை என்று அவள் சொல்லவில்லை. தீ சுடாது என்று யாராவது சொல்வார்களா?

“அண்ணாச்சி, அந்தப் பிள்ளை வாசலுக்குப் போச்சு. அவ காது எங்கன இருந்துச்சு?”

“பேச்சுலதான். வாசல்லதான்.”

“நீங்க போறப்போ உங்க காதை அடுப்படியிலயே விட்டுட்டுப் போங்க.”

அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

*

எட்டாம் நாள் கோமதிநாயகம் பலகையைத் திருப்பிப் போட்டு, அடுப்புக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். அதை அவராகவே செய்தார்.

பின்னால் கஞ்சி சின்னத் தீயில் கிடந்தது. முதலில் தன் மூச்சுதான் கேட்டது. அப்புறம் ஆறு. அப்புறம் அது.

தப்.

கஞ்சியின் அடியிலிருந்து ஒரு குமிழ் எழுந்து, மேலே வந்து, உடைகிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. தப். அதற்கு ஒரு நடை இருந்தது. கேட்கக் கேட்க அந்த நடை பிடிபட்டது. இடைவெளி நீண்டு, சத்தம் கனத்தால் கஞ்சி இறுகுகிறது, ஒரு கரண்டி வெந்நீர் விட்டுக் கிளற வேண்டும். அவசர அவசரமாகக் கேட்டால் தீ கூடிவிட்டது. இரண்டும் இல்லாமல் நிதானமாகக் கேட்டால் கஞ்சி நன்றாக இருக்கிறது, ஒன்றும் செய்ய வேண்டாம்.

பார்க்காமலே சொன்னார்: “கிளறணும்மா.”

ஆவுடை அகப்பையை விட்டுப் பார்த்தாள். சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

பலகையை வாசற்படிக்கு நகர்த்தினார். கேட்டது. கூடத்தின் முதல் தூணுக்குப் போனார். கேட்டது. பேசாமல் உட்கார்ந்திருந்த பதினைந்து பேரைத் தாண்டிக் கடைசித் தூணுக்குப் போனார். யாரோ இருமினார்கள், ஒரு வாளி தரையில் இடித்தது. அவற்றுக்கு நடுவே, மெல்லிசாக, விடாமல், அந்தச் சத்தம் அவரிடம் வந்து சேர்ந்தது.

இந்த மடத்தில் ஏன் யாரும் பேசுவதில்லை என்று இத்தனை நாளாக அவருக்குக் கேள்வி இருந்தது. பதினைந்து பேரும் தங்கள் தங்கள் வீட்டு நோயாளிக்காக அந்த ஒரு பானையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். லாரி டிரைவர் கண்ணை மூடியிருந்தார். கோமதிநாயகத்துக்கு நெஞ்சு நிறைந்து, அழுகை வந்துவிடும் போலிருந்தது.

அன்றைக்கு அவர் எண்ணவில்லை. எண்ண மறந்துவிட்டார்.

*

ஒன்பதாம் நாள் காலை மரியபுஷ்பம் டீச்சர் போன் செய்தார்.

“சார், அக்கா தண்ணிகூட வேண்டாம்னுட்டாங்க. ஆஸ்பத்திரியில இருந்து பேசினாங்க. நாளைக்குக் காலையில கூட்டிட்டு வரச் சொல்லுதாங்க. குழாய் போடத் தயாரா இருக்கணுமாம்.”

கோமதிநாயகம் ஆவுடையிடம் ஓடினார்.

“அம்மா, நீங்க வாங்க. ஒரே ஒரு தடவை. உங்க கையால வச்சா அவ குடிச்சிருவா. நான் வச்சா சரியா வரும்னு எனக்கு நம்பிக்கை இல்ல.”

ஆவுடை அவர் உட்கார்ந்திருந்த பலகையை எடுத்தாள். தட்டினாள். அப்போதுதான் உள்ளே வந்து திகைத்து நின்ற ஒரு பெண்ணுக்கு எதிரே அதைப் போட்டாள்.

“உக்காரும்மா,” என்றாள் அந்தப் பெண்ணிடம்.

கோமதிநாயகத்துக்கு உட்கார இடம் இல்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

*

டீச்சரை அனுப்பிவிட்டு வீட்டு அடுப்பங்கரைக்குள் போனார். எல்லாம் குழல்வாய்மொழி வைத்தது வைத்தபடி இருந்தது. நொய்யும் பருப்பும் களைந்தார். தண்ணீர் அளந்தார். லைட்டர், திருகு, தீ.

அவர் தீயைப் பார்க்கவில்லை.

இரைச்சல் ஏறியது. அடங்கியது. அந்த ஒரு நிமிடத்தில், வீடு முழுக்க அடங்கியது போல இருந்தது. தண்ணீர் புரண்டு எழுந்ததும் நொய்யையும் பருப்பையும் போட்டு, திருகைப் பிடித்து, பெரியதைத் தாண்டிக் கடைசிவரை திருப்பினார். நீலப் பொட்டுகள் வந்து உட்கார்ந்தன.

நொய் மலர்ந்து, பருப்பு கரைந்து, கஞ்சி கரண்டியிலிருந்து நூலாக இறங்குகிற பதம் வந்தது. ஒரு கிண்ணத்தில் மூன்று கரண்டி எடுத்தார். பானையைத் தட்டால் பாதி மூடினார்.

அடுப்பங்கரை வாசற்படியில் கால் நின்றுவிட்டது.

முதுகுக்குப் பின்னால் தீ. முப்பத்து நான்கு வருடமும் சட்டையைப் பிடித்து இழுத்தது. அந்தக் கோலப்பொடி டப்பா கண்ணில் வந்தது. கை தானாகத் திருகைத் தேடியது.

தப்.

நிதானமாக இருந்தது. கேட்டுக்கொண்டே அடுத்த அடி வைத்தார்.

குழல்வாய்மொழி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கிண்ணத்தை அவள் முகத்தருகே கொண்டுபோனார். அவள் மூக்கு ஒரு தரம் அசைந்தது. அடிப்பிடித்த வாடை இல்லை. வெந்த நொய்யின் மணம் மட்டும்தான். மெதுவாகத் திரும்பினாள்.

ஒரு கரண்டி. விழுங்க வெகு நேரம் ஆனது. கண்ணோரம் நீர் வழிந்தது. இரண்டு. மூன்று.

பிறகு அவள் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை நாளும் இந்த இடத்தில் அவர் எழுந்து ஓடிவிடுவார். அடுப்பங்கரையில் பாத்திரம் உருளும், பற்ற வைக்கிற சத்தம் கேட்கும், கருகல் வாடை வரும். கால் மணி நேரமும் அவள் தனியாகக் கிடப்பாள்.

காலடிச் சத்தம் கேட்காததால் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

கோமதிநாயகம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது, எதையோ கேட்பவர் போல. அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்திருந்தார். கால் மணி நேரம் அப்படியே இருந்தார்.

எழுந்து போய்ப் புதிதாக மூன்று கரண்டி கொண்டு வந்தார். சூடாக, நீர்க்க, முதல் கரண்டியைப் போலவே இருந்தது. அவள் குடித்தாள். அவர் மறுபடி உட்கார்ந்தார்.

மூன்றாம் முறை. நான்காம் முறை. ஒரு முறை மட்டும் பாதியில் எழுந்துபோய் ஒரு கரண்டி வெந்நீர் விட்டுக் கிளறிவிட்டு வந்தார். வெயில் ஜன்னலைத் தாண்டிக் கட்டில்வரை வந்துவிட்டது. இத்தனை நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில்கூட இல்லை. சைரன் அடித்தால் போய்விடுவார். அடிக்காவிட்டாலும் அடித்ததோ என்று போய்விடுவார்.

ஆறாம் முறைக்கு முன்னால் அவள் தலையைத் தூக்கினாள். அடுப்பங்கரைப் பக்கம் கண் போனது. அவளுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அவரைப் பார்த்தாள், அடுப்பங்கரையைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். ஸ்லேட்டைத் தேடவில்லை. உதடு அசைந்தது.

இருபது நாளாகக் கேட்காத குரல், கிழிந்து, காற்றாக வந்தது.

“அடுப்பு… எரியுது.”

அவர் அவள் கையை விடவில்லை.

“எரியட்டும்,” என்றார்.

அவள் வாயைத் திறந்தாள்.